வாரிசு இல்லையா, வாரிசுக்குத் தெரியவில்லையா? வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் வாரிசுச் சான்றிதழ் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் பெரும்பாலும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: உரிமை கேட்டு யாருமே வராத சொத்து என்ன ஆகும்? வங்கியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அதில் கடைசி ஒன்பது வருடம், இறந்துபோனவர்களின் கணக்கைத் தீர்த்துக்கொடுக்கும் மேசையில் இருந்தேன். 'டெத் கிளெய்ம்' என்போம். அங்கே பார்த்ததையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: எங்கள் எதிர்வீட்டில் இருந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். போன வருடம் காலமானார். வீடு பூட்டியே கிடக்கிறது. சில வருடம் யாரும் வராவிட்டால் வீடு தானாக அரசாங்கத்துக்குப் போய்விடும் என்கிறார்கள். எத்தனை வருடம், அம்மா?

பதில்: அப்படி ஒரு கெடு சட்டத்தில் இல்லை. வருடம் கூடக் கூடப் பூட்டிய வீடு தானாக அரசுக்குப் போய்விடாது.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ம் வருடத்தது. அதன் 29-ம் பிரிவுதான் இதைப் பற்றியது. உயில் எழுதாமல் இறந்தவருக்குத் தகுதியுள்ள வாரிசு ஒருவரும் இல்லாவிட்டால் சொத்து அரசைச் சேரும். வக்கீல்கள் இதை 'எஸ்சீட்' என்பார்கள். 'வாரிசு இல்லாவிட்டால்' என்றுதான் சட்டம் சொல்கிறது. 'வாரிசு வராவிட்டால்' என்று சொல்லவில்லை. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும் 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலும் உறவென்று ஒருவரும் இல்லாதபோதுதான் அரசின் முறை வருகிறது.

அந்த ஆசிரியரையே எடுத்துக்கொள்வோம். மனைவி, பிள்ளை இல்லை. சரி. தாய் இருந்தால் முதல் வரிசையில் அவர். தாயும் இல்லையென்றால் தந்தை. அப்புறம் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. அவர்களும் இல்லாவிட்டால் அவர்களுடைய பிள்ளைகள். அதற்கும் கீழே தாத்தா பாட்டி, பெரியப்பா சித்தப்பா, அத்தை, தாய்வழித் தாத்தா பாட்டி, மாமா, சித்தி, பெரியம்மா. இத்தனை பேரும் போய்விட்டாலும் பட்டியல் முடியவில்லை. ஆண்வழியாகவே வரும் பங்காளிகள், அவர்களுக்குப் பிறகு பெண்வழி கலந்து வரும் உறவுகள் என்று நீளும். எத்தனை தலைமுறை தள்ளி இருக்கலாம் என்பதற்கு எல்லையே இல்லை. இந்தப் பட்டியல் முழுக்கக் காலியாக இருந்த ஒருவரை என் ஒன்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை. தகவல் போய்ச் சேராத சொந்தங்களைத்தான் பார்த்தேன்.

இன்னொன்று. ஒரு அதிகாரி நினைத்த மாத்திரத்தில் 'வாரிசில்லாச் சொத்து' என்று எழுதி எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஹரித்வாரில் ஒரு ஆசிரமத்தின் சொத்தை மாவட்ட ஆட்சியர் அப்படித்தான் தம் உத்தரவிலேயே முடிவு செய்தார். 2017-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாரிசு இல்லை என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், அந்தச் சுமை கனமானது, அதற்கு இடம் சிவில் நீதிமன்றம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. எல்லாம் தாண்டி அரசுக்கே போனாலும், சொத்தின் மேல் இருக்கும் கடனையும் பொறுப்பையும் சேர்த்தேதான் அரசு எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் அதே 29-ம் பிரிவில் இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது: பூட்டில் கை வைக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் தாசில்தாருக்கும் எழுத்தில் ஒரு தகவல் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்திருந்தால் பணிப்பதிவேடும் ஓய்வூதியக் கோப்பும் எங்காவது இருக்கும். குடும்ப விவரம், சொந்த ஊர் முகவரி எல்லாம் அதில் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஒரு தங்கை பெயரோ அண்ணன் மகன் பெயரோ அதில் இருந்தால் உங்கள் கேள்வியே மாறிவிடும்.

கேள்வி: என் அத்தை இறந்து 14 வருடம் ஆகிறது. அவருடைய பாஸ்புக் இப்போதுதான் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் கிடைத்தது. வங்கியில் கேட்டால் பணம் ரிசர்வ் வங்கிக்குப் போய்விட்டது என்கிறார்கள். போனது போனதுதானா?

பதில்: இல்லவே இல்லை. தயவுசெய்து அப்படி நினைத்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். 'ரிசர்வ் வங்கிக்குப் போய்விட்டது' என்ற ஒரே வரியைக் கேட்டு எழுந்து போனவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது. அந்த வரியோடு இன்னொரு வரியையும் கவுன்டரில் இருப்பவர் சொல்லியாக வேண்டும்: எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம்.

பத்து வருடம் எந்தப் பரிவர்த்தனையும் இல்லாத கணக்கின் பணம், 2014 முதல் ரிசர்வ் வங்கியின் டெபாசிட்டர் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. அதனால் உரிமை அழிவதில்லை. வாரிசு அதே வங்கிக்குப் போய் ஆவணம் கொடுத்தால், வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டு அந்த நிதியிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ளும். வட்டி தரும் கணக்காக இருந்தால், அங்கே கிடந்த காலத்துக்கும் ரிசர்வ் வங்கி சொல்லும் விகிதத்தில் வட்டி உண்டு. எந்த வங்கி என்றே தெரியாதவர்கள் தேட 2023 ஆகஸ்டில் 'உத்கம்' என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி தொடங்கியது. இறந்தவரின் பெயரை எல்லா எழுத்துக்கூட்டலிலும் போட்டுப் பாருங்கள். இனிஷியல் முன்னால், பின்னால், இனிஷியல் இல்லாமல். பழைய கணக்குகளில் பெயர்கள் எப்படியெல்லாம் பதிவாகியிருக்கின்றன என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

கம்பெனிப் பங்குகள் வேறு வழியில் போகும். தொடர்ந்து ஏழு வருடம் டிவிடெண்ட் வாங்காமல் கிடந்தால் பங்குகளே மத்திய அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அதையும் மீட்கலாம். காப்பீட்டில் மட்டும் ஒரு கதவு உண்மையாகவே மூடுகிறது. பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடக்கும் தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்கு மாறும். அதற்குப் பிறகு 25 வருடம் வரை கேட்கலாம். அதையும் தாண்டினால் மத்திய அரசுக்கே சொந்தம். ஆகவே பெட்டியை இன்னொரு முறை துழாவுங்கள், பாலிசிப் பத்திரம் ஏதும் இருக்கிறதா என்று.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. தனியாக இருந்தவர். நாமினி கட்டம் வெறுமை. மூன்று ரிஜிஸ்டர் தபால்கள் 'முகவரிதாரர் இல்லை' என்று திரும்பி வந்தன. லாக்கர் வாடகையும் பாக்கி. விதிப்படி இரண்டு சாட்சிகளை வைத்துக்கொண்டு லாக்கரைத் துளைத்தோம். அந்தச் சத்தம் கிளை முழுக்கக் கேட்கும். வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளே மெல்லிய வளையல் இரண்டு, நின்றுபோன கைக்கடிகாரம் ஒன்று, தட்டச்சு உயர்நிலைத் தேர்வுச் சான்றிதழ். ஒவ்வொன்றையும் எடுத்து, எடை பார்த்து, பட்டியல் போட்டு, உறையில் வைத்து அரக்கு முத்திரை வைத்தோம். கடிதமோ புகைப்படமோ ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலம் அவருடைய கணக்குத் தொடங்கிய படிவத்தை ரெக்கார்டு அறையிலிருந்து எடுக்கச் சொன்னேன். பழுப்பேறிய தாள். அந்தக் காலத்தில் கணக்குத் தொடங்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் 'அறிமுகம் செய்பவர்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கட்டத்தில் ஒரு பெயரும் கணக்கு எண்ணும் இருந்தன. கூட வேலை பார்த்தவர். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது, பென்ஷன் எங்கள் கிளையில்தான். மாதம் முதல் தேதி வந்தவரிடம் கேட்டேன். "அவளுக்கு ஒரு தம்பி இருந்தானே, ரயில்வேயில்" என்றார். அந்தத் தம்பியும் இறந்திருந்தார். தம்பி மகள் இருந்தாள். அத்தை என்று ஒருவர் இருந்ததே அவளுக்குச் சிறு வயது ஞாபகமாக மட்டும் இருந்தது. உறையைப் பிரித்துக் கொடுத்தபோது அவள் முதலில் எடுத்தது கைக்கடிகாரத்தை. சாவி கொடுத்துப் பார்த்தாள். ஓடியது.

உங்கள் அத்தையின் கணக்குக்கும் அந்தப் படிவம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். உறவைக் காட்டும் ஆவணம் உங்களிடம் குறைவாக இருந்தால் அது கைகொடுக்கலாம்.

கேள்வி: நாமினி என்று என் பெயர் இருக்கிறது. அப்படியென்றால் பணம் எனக்குத்தானே?

பதில்: வங்கி உங்கள் கையில்தான் கொடுக்கும். ஆனால் வாரிசுகளுக்காக வாங்கி வைத்திருப்பவர் நீங்கள், அவ்வளவுதான். 1983-ல் ஒரு காப்பீட்டு வழக்கிலும், 2023 டிசம்பரில் பங்குகள் பற்றிய வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015-க்குப் பிறகு மாறியிருக்கிறது: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். வெறுமையாக விட்டிருப்பவர்கள் உடனே நிரப்புங்கள். உரிமை யாருக்கு என்பதை அது முடிவு செய்யாவிட்டாலும், தகவல் போக ஒரு முகவரி இருக்கும்.

கேள்வி: எனக்கு 61 வயது. கல்யாணமான இரண்டாம் வருடமே கணவர் இறந்துவிட்டார். குழந்தை இல்லை. புகுந்த வீட்டாரோடு நாற்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வேலை பார்த்து ஒரு வீடு வாங்கியிருக்கிறேன். அப்பா அம்மா இல்லை. எனக்குப் பின் வாரிசு இல்லை என்று வீடு அரசாங்கத்துக்குப் போகுமா? தங்கை பிள்ளைகளுக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.

பதில்: அரசாங்கத்துக்குப் போகாது. ஆனால் நீங்கள் நினைக்காத இடத்துக்குப் போகும். அதனால்தான் உங்கள் கடிதத்தை மேலே எடுத்து வைத்தேன்.

உயில் எழுதாமல் இறக்கும் இந்துப் பெண்ணின் சொத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ம் பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகள். அதற்கும் பிறகுதான் பெற்றோர், அப்புறம் தந்தையின் வாரிசுகள். பெற்றோரிடமிருந்து வந்த சொத்தாக இருந்தால் தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். நீங்களே சம்பாதித்த சொத்துக்கு அந்த விலக்கு இல்லை. அதாவது நாற்பது வருடம் உங்களை எட்டிப் பார்க்காதவர்கள், உங்கள் தங்கை பிள்ளைகளுக்கு முன்னால் நிற்பார்கள்.

இது நடந்தே இருக்கிறது. ஒரு பெண்ணுக்குக் கல்யாணமான மூன்று மாதத்துக்குள், 1955-ல், கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீட்டில் அவரை வைத்துக்கொள்ளவில்லை. பிறந்த வீட்டில் படிக்கவைத்தார்கள், வேலைக்குப் போனார், சேர்த்தார். 1996-ல் உயில் இல்லாமல் இறந்தபோது வங்கிச் சேமிப்பும் வருங்கால வைப்பு நிதியும் இருந்தன. பெற்ற தாய் ஒரு பக்கம், கணவரின் சகோதரி பிள்ளைகள் மறுபக்கம். 2009-ல் உச்ச நீதிமன்றம், அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்று கணவர் வழி உறவினருக்கே தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே கிளையில் என்னோடு வேலை பார்த்த தனியாக வாழும் பெண்கள் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னேன். 2025 நவம்பரில் இதே பிரிவு பற்றிய வழக்கில், பெண்கள் உயில் எழுதி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே கேட்டுக்கொண்டது.

உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு தாள். கடைசிக் கேள்வியின் பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் 22 வருடமாக ஒரு வீட்டில் குடியிருக்கிறோம். வீட்டுக்காரம்மா இறந்து 13 வருடம் ஆகிறது. வாடகை கேட்டு யாரும் வரவில்லை. பன்னிரண்டு வருடம் இருந்தால் வீடு எங்களுடையது என்கிறார்களே?

பதில்: வாடகைக்கு வந்தவர் வாடகைதாரர்தான், எத்தனை வருடம் ஆனாலும். எதிரிடை அனுபவம் என்பது, உரிமையாளரின் அனுமதி இல்லாமல், 'இது என்னுடையது' என்று வெளிப்படையாக வைத்துக்கொண்டு 12 வருடம் கழிப்பது. அனுமதியோடு உள்ளே வந்தவருக்கும் காவலுக்கு வைக்கப்பட்டவருக்கும் அது எளிதில் வராது. சொத்து அரசைச் சேர்ந்துவிட்டால் அந்தக் காலமும் 30 வருடமாகிவிடும். வாடகையை மாதாமாதம் தனியாக ஒரு கணக்கில் போட்டு வையுங்கள், வரி ரசீது, மின்கட்டண ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வாரிசு வந்தால் உங்கள் நேர்மைக்கு அது சாட்சி. வாங்கிக்கொள்ளும் பேச்சைத் தொடங்கவும் அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

கேள்வி: உழைத்துச் சேர்த்தவர் ஒருவர், அதை அரசு எடுத்துக்கொள்வது என்ன நியாயம்? வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டமா இது?

பதில்: அவர்களுக்கு வெகு காலம் முன்பே இங்கே இருந்ததுதான். காளிதாசரின் சாகுந்தலத்தில் ஒரு இடம் வருகிறது. கடல் வணிகர் ஒருவர் கப்பல் மூழ்கி இறந்துபோகிறார், பிள்ளை இல்லை, செல்வம் அரசருக்குச் சேர வேண்டும் என்று அமைச்சர் எழுதி அனுப்புகிறார். துஷ்யந்தன் கையெழுத்துப் போட்டுவிடவில்லை. அவருடைய மனைவியரில் யாராவது கர்ப்பமாக இருக்கிறார்களா என்று விசாரிக்கச் சொல்கிறான். ஒருத்தி இருக்கிறாள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கே சொத்து என்று தீர்ப்பு. இன்றைய இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20-ம் பிரிவும் அதையேதான் சொல்கிறது: கருவில் இருந்து பின்னால் உயிரோடு பிறக்கும் பிள்ளைக்கும் உரிமை உண்டு. எடுப்பதற்கு முன் தேடு என்று அரசருக்கே அன்று விதி இருந்தது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

பழைய தர்ம நூல்களில் ஒரு விலக்கும் இருந்தது: பிராமணரின் சொத்து மட்டும் அரசருக்குப் போகக்கூடாது. மசூலிப்பட்டினத்து வழக்கொன்றில் 1860-ல் லண்டன் பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றம்) அதை ஒதுக்கிவிட்டு, வாரிசில்லாவிட்டால் யாருடைய சொத்தும் அரசுக்கே என்றது.

தேடாமல் எடுத்ததும் நம் மண்ணிலேயே நடந்திருக்கிறது. தஞ்சாவூரின் கடைசி மராட்டிய மன்னர் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசில்லாமல் இறந்தார். மனைவியர் இருந்தார்கள். மகள் இருந்தாள். கிழக்கிந்தியக் கம்பெனி அரசாங்கம் ராஜ்யத்தோடு சேர்த்து அரண்மனையில் இருந்த தனிச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டு, அன்று சென்னையில் இருந்த சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். 1859-ல் பிரிவி கவுன்சில், இது அரசு தன் ஆட்சி அதிகாரத்தில் செய்த செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்று தீர்ப்பை மாற்றியது. 1862-ல் அரசே தனிச் சொத்தை ராணிகளிடம் திருப்பிக் கொடுத்தது. வாரிசு கண்ணெதிரே இருந்தும் ஏழு வருடம்.

இன்று அரசியல் சட்டத்தின் 296-வது பிரிவுப்படி, இப்படிச் சேரும் சொத்து இருக்கும் மாநிலத்துக்கே உரியது. உங்கள் 'என்ன நியாயம்' என்ற கேள்விக்கு என் பதில் இது: யாரும் இல்லாத நிலத்தை வலுத்தவன் வளைத்துக்கொள்வதைவிட அது பொதுவுக்குப் போவது நல்லது. ஆனால் தேடுவது கடமையாக நடக்க வேண்டும். இங்கிலாந்தில் வாரிசில்லாமல் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியலை அரசுத் துறை ஒன்று 2025 வரை தொடர்ந்து வெளியிட்டு வந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்து, இவர் என் உறவு என்று சொல்ல முடிந்தது. நிலத்துக்கும் வீட்டுக்கும் அப்படி ஒரு பட்டியல் நம்மிடமும் தாலுகா அலுவலக வாசலில் ஒட்டப்பட வேண்டும். வங்கிப் பணத்துக்குச் செய்ய முடிந்தது இதற்கும் முடியும்.

கேள்வி: உயிலைப் பத்திரத்தில்தான் எழுத வேண்டுமா? பதிவு செய்யாவிட்டால் செல்லாதா?

பதில்: வெள்ளைத் தாள் போதும். முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டு சாட்சிகள் போட வேண்டும். இந்தச் சாட்சிக் கையெழுத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். உங்களைவிட இளையவர்களாக, விலாசம் தெரிந்தவர்களாக இருக்கட்டும்.

ராஜஸ்தானில் கேத்ரி ராஜா சர்தார் சிங், கல்விக்கான ஓர் அறக்கட்டளைக்குச் சொத்தைக் கொடுத்து 1985-ல் உயில் எழுதினார். பிள்ளையில்லாமல் 1987-ல் இறந்தார். வாரிசில்லாச் சொத்து என்று மாநில அரசு கையகப்படுத்தியது. 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உயிலை ஏற்கவில்லை. அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்று சொன்னபோது 2023 ஆகியிருந்தது. மாளிகைகள் அதுவரை பராமரிப்பில்லாமல் கிடந்தன.

அந்த 61 வயதுச் சகோதரிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டின் பத்திர எண், சர்வே எண், தங்கை பிள்ளைகளின் முழுப்பெயர் மூன்றையும் பிழையில்லாமல் எழுதுங்கள். எழுதியது எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று அவர்களில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.